சாட் பக்கத்தின் சோதனை

12.9.2006, செவ்வாய்

ஒரு வாரமாகப் படுத்தி எடுத்த சாட் பக்கம் இன்று சரியாகிவிட்டது. இனி ரிஃப்ரெஷ் செய்யாமலே மெசேஜ் தானாக வந்து விழும். பக்கத்து சீட் கண்ணனைப் பார்க்கக் கூப்பிட்டேன். “காலையில பாக்குறேண்ணே, பரவை பஸ் போயிரும். வாரேன்” என்று கிளம்பிவிட்டான்.

சோதிக்க இன்னொரு ஆள் வேண்டுமே. அவன் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்தேன். பெயர் கேட்டது. செல்வி என்று என் மனைவி பெயரைப் போட்டேன். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை.

“சாப்டீங்களா?” என்று அடித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். திரையில் அந்தக் கேள்வி வந்திருந்தது. “இன்னும் இல்ல செல்வி” என்று பதில் போட்டேன். பிறகு அதைப் படிக்க நானே எழுந்து அந்த நாற்காலிக்குப் போனேன்.