திரும்பிப் பார்க்கும் நாய்

சேலம்,
4.2.2024

அன்புத் தங்கை கௌசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் சீக்கிரம் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

அத்தா விட்டுப்போன கடையை விற்ற பணத்தில் நான் ரெனோ டெல்மாரின் மூன்று படங்கள் வாங்கியதில் உனக்கு இன்னும் வருத்தம் என்று தெரியும். நியூயார்க்கின் சுவர்களிலும் கடை ஷட்டர்களிலும் வரைந்து பேர் வாங்கியவர். அவர் படத்தின் பிரதியில் அவரே பென்சிலால் கையெழுத்துப் போட்டிருந்தால் மதிப்பே வேறு. மூன்றில் நீல நாய் படத்தை உன் பங்காக ஒதுக்கியிருக்கிறேன். அதை வாங்க இந்த மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார்.

பதினேழாம் தேதி உங்கள் ஊர்க் கண்காட்சிக்கு டெல்மார் வருகிறாராம். மூன்றின் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்டுச் சொல்லேன்.

துஆவுடன்,
பயாஸ்

*

நியூயார்க்,
18.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். காரியம் இருந்தால்தான் கடிதம் வருகிறது. இருந்தாலும் போனேன்.

குளிரில் வரிசையில் நின்றேன். டெல்மார் குள்ளமான மனிதர், விரல் நகமெல்லாம் பெயிண்ட். சிவப்பு ரேடியோ, தெருவிளக்குப் படங்களை என் போனில் பார்த்ததுமே, “என்னுடையது” என்றார். நீல நாயை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கையெழுத்தும் என்னுடையது இல்லை, கோடும் என்னுடையது இல்லை. என் நாய்களெல்லாம் நேராகப் பார்க்கும். இது யாரையோ திரும்பிப் பார்க்கிறது. எனக்கு இது தோன்றாமல் போய்விட்டதே! யார் வரைந்தது?”

தெரியாது என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் அவர் என்னை விடவில்லை. எந்த ஊர், யார் விற்றார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு, அண்ணே. நாயை எனக்கென்று ஒதுக்கியபோது அது போலி என்று உங்களுக்குத் தெரியுமா?

கௌசியா

*

சேலம்,
2.3.2024

அன்புத் தங்கைக்கு,

அல்லாஹ் அறியத் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுட்டாளே!” என்று கத்தினேன். உன் அண்ணி மதீனா வெங்காயம் உரித்துக்கொண்டே, “பங்கு பிரிச்சது நீங்க. எடுத்துக்கிட்டதும் நீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள்.

பெங்களூர்க்காரர் முந்தாநாள் வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்து, “அசல்தான் சார்” என்று செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். ஆனாலும், கௌசியா, டெல்மார் சொன்னதைச் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்காமல், டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு இதை விற்ற கொச்சி வியாபாரி போனை எடுப்பதே இல்லை.

இனி நீ பிரி. எது வேண்டுமோ எடுத்துக்கொள். நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பயாஸ்

*

நியூயார்க்,
11.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவப்பு ரேடியோ எனக்கு. மூன்றில் அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்று விசாரித்துவிட்டேன். தங்கை பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்திருந்தால் மன்னியுங்கள். தெருவிளக்கு உங்களுக்கு.

நாய் இருவருக்கும் பொது. அதை யாருக்கும் விற்க வேண்டாம்.

ஜூனில் டிக்கெட் போட்டிருக்கிறேன். வந்ததும் இரண்டு பேருமாகக் கொச்சிக்குப் போவோம். போன் எடுக்காதவர் வீட்டுக் கதவையாவது திறப்பார். அடிக்கவோ போலீஸுக்குப் போகவோ இல்லை. அந்த நாயை வரைந்த ஆளை நான் பார்க்க வேண்டும்.

அண்ணிக்கு என் ஸலாம்.

உங்கள் தங்கை,
கௌசியா