ஒடிந்த கத்தியைப் பற்றி மாமாவுக்கு

நெட்டுக்குப்பம்,
திங்கட்கிழமை

அன்புள்ள கருணாகரன் மாமாவுக்கு, டில்லிபாபு வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் என் மனைவி வேம்புவும் குழந்தையும் நலம். மங்களூரில் மழை விட்டதா, உங்கள் விசைப்படகு கடலுக்குப் போகிறதா? போனிலேயே பேசியிருக்கலாம். இரண்டு முறை உங்கள் எண்ணைப் போட்டு, ரிங் போவதற்குள் நானே கட் செய்துவிட்டேன்.

அக்காவின் கையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. காசிமேடு மீன் மார்க்கெட்டில் வஞ்சிர மீன் தலையில் கத்தியை வைத்துக் கட்டையால் தட்டினாள், கத்தி ஒடிந்து இடது கட்டைவிரல் அடியில் ஏறியது, பதினொரு தையல். இதெல்லாம் உண்மை. அவள் கோணலாகத் தட்டியதால் ஒடிந்தது என்பது பொய்.

கன்டெய்னர் யார்டு வேலை முடிந்த நேரங்களில், வீடியோ பார்த்து, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்யப் பழகுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? சிவக்கக் காய்ந்த இரும்பை எண்ணெயில் முக்கினால் இறுகிவிடும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி ஒடியும். மறுபடி இரண்டு மணி நேரம் மிதமான சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். முதல் மூன்று கத்திகளை அலி அக்பர் பாயின் பேக்கரி அடுப்பில், பன் எடுத்த பிறகு, வைத்து எடுத்தேன். நான்காவது அக்காவுக்கு. அன்று பேக்கரி பூட்டியிருந்தது. அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் விழவில்லை. அந்தப் பெருமையில் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாமல், மறுபடி சூட்டில் வைக்காமலேயே பிடி போட்டு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கொடுத்த ஏழாவது நாள் ஒடிந்தது.

ஒடிந்த துண்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அக்கா என்னிடம், "ஆசையா செஞ்சி குடுத்தே, ஒட்ச்சிட்டேன்டா, கோச்சிக்காத. நான்தான் கோணலா தட்டிக்கினேனா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, கொஞ்சம் சாஞ்சிட்ச்சி" என்றேன். மாமா, அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இது.

மார்க்கெட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டும் செங்கொடி, "இன்னாடி முத்தம்மா, மீன வெட்டச் சொன்னா கைய வெட்டிக்கினு வந்துகீற" என்று கிண்டல் செய்தாள். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வெட்டுகிறவள், "என் கை வாகு பூட்ச்சிடா, இனிமே என்னால ஆவாது" என்கிறாள். மாசக் கடைசியில் மார்க்கெட்டில் தன் இடத்தைச் செங்கொடிக்கே விட்டுவிடப்போகிறாளாம். விரல் மடங்கும், ஆறு வாரம் பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்கிறார். அவள் விரலைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்படுகிறாள். அதை நான் சொல்லிக் கொடுத்தேன்.

முன்பு மற்றவர்களுக்குக் கொடுத்த மூன்று கத்திகளும் சரியாகச் சூட்டில் வைத்தவைதான்; ஆனாலும் பயத்தில், சாணை பிடித்துத் தருவதாகச் சொல்லித் திரும்ப வாங்கிவிட்டேன். அங்கேயும் உண்மையைச் சொல்லவில்லை. தினமும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், காயத்துக்கு மருந்து வைக்கிறேன், திரும்பிவிடுகிறேன்.

நீங்கள் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நான்தான் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டு, "டில்லி உன்கிட்ட இன்னா சொன்னான்?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்ற பயம் இருந்தால்தான் அதற்கு முன்னால் என் வாய் திறக்கும். கேட்க மறந்துவிடாதீர்கள் மாமா.

கடலில் பத்திரமாக இருங்கள்.

உங்கள் மைத்துனன்,
டில்லிபாபு