கெய்ரோ பீரங்கியும் பாஷாவின் இரட்டைத் தம்பியும்

ரமலான் 6, செவ்வாய்

இன்று முதல் இந்த நாட்குறிப்பில் எழுதப்போவதை யாரும் நம்பப்போவதில்லை. அலெக்சாண்ட்ரியா டிராமில் ஆயுள் முழுக்க டிக்கெட் கிழித்த ரிஃபாத் ஆகிய நான், என் மீசைமேல் ஆணையாகச் சொல்கிறேன், நாளைக்கு எடுத்துப் படித்தால் நானே நம்ப மாட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். உலகத்துக்கு ஒரு சாட்சி வேண்டாமா?

முதலில் அரசவை. கீழ்த்தளத்தில் என் தங்கை இனாயத், அவள் கணவன் பஹ்கத், ஒரே மகள் யுஸ்ரா. மேல்தளத்தில் நானும் என் புகழும். ரமலான் வந்துவிட்டால், நோன்பு திறந்த கையோடு எல்லோரும் கீழே தொலைக்காட்சி முன்னால் கூடிவிடுவோம். இந்த வருடத் தொடர் 'பருத்தி மாளிகை'. ஜுஹைர் பாஷாவின் காப்பியில் யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள். முதல் நாளிலிருந்து அவர் செத்துக்கொண்டே நீள நீளமாக வசனம் பேசிக்கொண்டிருக்கிறார். நடுநடுவே விளம்பரம். நேற்று விளம்பரம் தொடங்கியபோது எதிர்வீட்டில் பிறந்த குழந்தை, விளம்பரம் முடிவதற்குள் நடந்து வந்து எங்களிடம் கதாயிஃப் பணியாரம் கேட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆண்டவன் என்னைப் படைத்தான். விளம்பரம் வந்ததும் நான் கேள்வி போடுவேன். தோற்றவர் எழுந்து போய்த் தேநீர் போட வேண்டும்.

மாதத்துக்கு ஒரு பெரிய கேள்வியும் உண்டு. அதைக் கேட்கும் உரிமை வீட்டுத் தலைவன் பஹ்கத்துக்கு. விடையைத் தொடரின் கடைசி அத்தியாயம் சொல்லும். ஜெயித்தவருக்குப் பெருநாளன்று பஹ்கத்தின் நாற்காலி. மற்ற நாளில் அதில் ஈ உட்கார்ந்தாலும் மச்சான் எழுப்பிவிடுவான். வருடா வருடம் அவனே ஜெயிப்பதால் அந்தச் சிம்மாசனம் கைமாறியதே இல்லை. நாற்காலியின் கைப்பிடியில் மட்டும் யுஸ்ரா உட்காரலாம். ஐந்து வயதில் ஏறினாள். இப்போது சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறாள், இன்னும் இறங்கவில்லை.

ரமலான் 9, வெள்ளி

யுஸ்ரா மேலே வந்தாள். ஒரு தட்டு முலாம்பழ விதை கொண்டுவந்தாள். லஞ்சம் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மாமா, ஒருத்தர் இருக்காரு."

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றேன். தெரியாது.

"பேரு நாதிர். லிஃப்ட் இன்ஜினியர். கெய்ரோக்காரரு. வர்ற செவ்வாய்க்கிழமை நோன்பு திறக்க வரச்சொல்லுன்னு அப்பா சொல்லியிருக்காரு. சொல்றப்போ மூஞ்சியே சரியில்ல மாமா. கெய்ரோன்னதும் மூஞ்சி விழுந்துடுச்சு."

"பையன் நல்லவன்தானே? அப்புறம் என்ன?"

குரலைத் தாழ்த்தினாள். "அவரு தொடரே பாக்கிறதில்ல மாமா."

நான் உட்கார்ந்தேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன், இருந்தாலும் இன்னொரு முறை உட்கார்ந்தேன். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"இத உங்க அப்பன்கிட்ட சொன்னியா?"

"எனக்கென்ன பைத்தியமா? நீங்கதான் போன்ல அவருக்குக் கதையச் சொல்லிக் குடுக்கணும். உள்ளத உள்ளபடி. உங்க சரக்கு எதையும் சேர்க்கக்கூடாது."

மீசைமேல் சத்தியம் செய்துகொடுத்தேன்.

ரமலான் 11, ஞாயிறு

நாதிருடன் தொலைபேசியில் பேசினேன். மரியாதையான பையன், கேட்டதைக் குறித்துக்கொள்கிறான். ஆனால் இந்தக் கதையை உள்ளபடி சொல்வது இருக்கிறதே! பாஷா படுத்திருக்கிறார், மனைவி அழுகிறாள், வக்கீல் வருகிறார், வக்கீல் போகிறார். உப்பில்லாத ஃபூல் மாதிரி. மொச்சையை எவ்வளவு நேரம்தான் வெறுமனே கிளறுவது? ஒரு சிட்டிகை போட்டேன். பாஷாவுக்கு ஓர் இரட்டைத் தம்பி. சின்ன வயதில் ரயிலில் தொலைந்துபோனவன். காப்பியில் நஞ்சு வைத்தது அவனாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் சந்தேகம்.

"ஆஹா" என்றான் நாதிர். "இப்பத்தான் சார் எனக்கே பாக்கணும்போல இருக்கு."

பாராட்டு என்பது பொல்லாத பொருள். நான் வாயை மூடியிருக்க வேண்டிய இடத்தில், தம்பிக்கு ஒரு கண்ணாடிக் கண்ணும் வைத்துக்கொடுத்தேன்.

ரமலான் 13, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

நாதிர் வந்தான். வெளிர்நீலச் சட்டை, கையில் எங்கள் தெரு முழுவதற்கும் போதுமான குனாஃபா இனிப்பு. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எல்லோர் தட்டிலும் பேரீச்சம்பழம். தொலைக்காட்சியில் 'டமார்' என்று நோன்பு திறக்கும் பீரங்கி. நாதிர் பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

யாரும் அசையவில்லை.

தொலைக்காட்சியில் சுடுவது கெய்ரோ பீரங்கி. எங்கள் சூரியன் கடலில் இறங்க இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். இது அலெக்சாண்ட்ரியாவில் பிறந்த பூனைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்று தொலைக்காட்சியிலேயே சொல்வார்கள். கெய்ரோக்காரன் அதை எதற்குக் காதில் வாங்கப்போகிறான்? அவன் பிறந்ததிலிருந்து பீரங்கி சுட்டால் சாப்பாடு. வாய்க்கு வந்ததையெல்லாம் கற்றுக்கொடுத்த எனக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை பார்!

"தம்பி" என்றான் பஹ்கத். "அது உங்க ஊர் பீரங்கி."

நாதிர் பழத்தைக் கொட்டையோடு விழுங்கினான். கொட்டை இறங்கிய சத்தம் துறைமுகம்வரை கேட்டு, ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது. அந்த ஐந்து நிமிடமும் அவன் தலை நிமிரவில்லை. யுஸ்ரா தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டாயிற்று. தொடர் வந்தது, விளம்பரம் வந்தது. பஹ்கத் நாற்காலியில் சாய்ந்து பெரிய கேள்வியைக் கேட்டான். "பாஷா காப்பில நஞ்சு வெச்சது யாரு?"

இனாயத் மனைவி என்றாள். யுஸ்ரா சமையல்காரன் என்றாள். நான் வக்கீல் என்றேன். பஹ்கத்தின் விடை பாஷாவின் மருமகன். கடைசியில் எல்லோரும் நாதிரைப் பார்த்தோம்.

"அவரோட இரட்டைத் தம்பி, ஹாஜியாரே."

"எந்தத் தம்பி?"

"ரயில்ல தொலைஞ்சு போனாரே... கண்ணாடிக் கண்ணு..."

பஹ்கத் கழுத்தை மெதுவாக என் பக்கம் திருப்பினான். நான் கதாயிஃபுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நாதிர் போன பிறகு பஹ்கத் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "நம்ம நேரமும் தெரியல, நம்ம கதையும் தெரியல." அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

ரமலான் 14, புதன்

யுஸ்ரா மேலே வரவில்லை. கைப்பிடியிலும் உட்காரவில்லை.

ரமலான் 17, சனி

படியில் அவளைப் பிடித்தேன். "ஒரே ஒரு சிட்டிகைதாம்மா—"

"பேசாதீங்க மாமா. உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. இது என் வாழ்க்கை." கண் சிவந்திருந்தது.

எனக்கா விளையாட்டு? இவளைத் தோளில் வைத்து டிராமில் ஊர்வலம் விட்டவன் யார்? என்னடா ரிஃபாத், வாயா அது, ஓட்டைப் பானையா?

நேராகப் பஹ்கத்திடம் போனேன். பால்கனியில் விதை கொறித்துக்கொண்டிருந்தான். "மச்சான், அந்த இரட்டைத் தம்பி என் கைவேலை. பையன்மேல தப்பில்ல."

"அது தெரியாதாக்கும்? கண்ணாடிக் கண்ணுன்னதுமே உன் வாசனை அடிச்சிடுச்சு."

"அப்ப நோன்பு விஷயமா?"

"ஆண்டவனே மன்னிச்சுடுவான். தெரியாம நடந்தது. ஒரு நோன்பத் திரும்பப் பிடிச்சா கணக்கு நேராகிடும்."

"பின்ன என்னய்யா உனக்கு?"

தொலியைத் துப்பினான். "கெய்ரோ தூரம்டா" என்றான். பிறகு, உள்ளே இருந்த நாற்காலியைப் பார்த்தபடி, "விளம்பரம் வர்றப்போ நான் யாரு முகத்தப் பாக்கிறது? உன்னதையா?"

எனக்கே விடை தெரியாத கேள்வி. குறித்துக்கொள்ளவும், இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

ரமலான் 22, வியாழன்

பாஷா இன்னும் சாகவில்லை. இந்த வீட்டில் அவர் ஒருவர்தான் கலகலப்பாகப் பேசுகிறார்.

ரமலான் 30, வெள்ளி

இதைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன்.

கடைசி அத்தியாயம். யுஸ்ரா வாசலருகே நின்றபடி பார்த்தாள். பாஷா ஒருவழியாகச் செத்தார். சவ ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் ஊர் நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு காலணி. பிறகு ஒரு கைத்தடி. பிறகு... செத்துப்போன பாஷாவின் அதே முகம்!

"தம்பி!" என்று அலறினாள் இனாயத். "ஐயோ அண்ணே, தம்பி வந்துட்டான்!"

நஞ்சு வைத்தவனும் அவன்தான். கண்ணாடிக் கண் மட்டும் இல்லை. அந்தக் கஞ்சத்தனத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

பஹ்கத் எழுந்து நின்றான். தொடர் ஓடும்போது அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. "உண்மையச் சொல்லு. தொடர் எடுக்கிறவங்களுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"அல்லாஹ் அறிய இல்ல மச்சான். எனக்கு யாரையும் தெரியாது. சும்மா வாயில வந்தது."

வாழ்நாளில் இன்றுதான் கலப்படமில்லாத உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

பஹ்கத் திரையைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தான். விதி என்றால் விதி, அவனே போட்ட விதி. "அந்தப் பையனுக்குப் போனப் போடு" என்றான்.

"தம்பி... ஆமா, நானும்தான் பாத்தேன். ஜெயிச்சுட்டே. இல்ல, இல்ல, தப்பா சொன்னாலும் சரியாச் சொன்னாலும் விடை விடைதான்." தொண்டையைக் கனைத்தான். "உனக்கு ஒரு நோன்பு பாக்கி இருக்குல்ல? அத எங்க விட்டியோ அங்கயே வந்து பிடி."

ஷவ்வால் 1, சனி

பெருநாள். கஹ்க் பிஸ்கட் தின்றே மூன்று பொத்தான் தெறித்தன, ஒன்று பக்கத்துத் தெருவில் கிடைத்தது. பஹ்கத் நாள் முழுக்க சோபாவில்தான் உட்கார்ந்தான். நாற்காலியைக் காலியாக விட்டிருந்தான்.

ஷவ்வால் 6, வியாழன்

நாதிர் விடுப்பு எடுத்துக்கொண்டு, நோன்போடு வந்தான். துணைக்குப் பஹ்கத்தும் நோன்பு வைத்திருந்தான். நானும் வைத்திருந்தேன் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன்.

சாயங்காலம் பஹ்கத் நாதிரின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தான். முள்மேல் உட்கார்ந்தவன்போல நுனியில் இருந்தான் பையன். யுஸ்ரா பழக்கத்தில் நாற்காலிப் பக்கம் வந்தாள். பாதியில் நின்றாள். திரும்பிப் போய், சோபாவில் அப்பாவின் பக்கத்துக் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

தொலைக்காட்சியில் கெய்ரோ பாங்கு. நாதிர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டான். இனாயத் சிரிப்பை அடக்க முக்காட்டு நுனியைக் கடித்தாள்.

பஹ்கத் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "தம்பி, இப்போ கெய்ரோவுல என்ன நடக்கும்?"

"சாப்பிட ஆரம்பிச்சிருப்பாங்க, மாமா."

ஹாஜியார் போய் மாமா வந்ததை எல்லோரும் கேட்டோம். யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நமக்கு?"

"இன்னும் அஞ்சு நிமிஷம் மாமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

பஹ்கத் தலையாட்டினான். வானம் சிவந்து, கடல் கறுத்துக்கொண்டு வந்தது. "கேட்டியா இனாயத்" என்றான். "கெய்ரோ அஞ்சு நிமிஷந்தானாம்."

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. முதல் பழத்தைப் பஹ்கத் நாதிருக்கு நீட்டினான். "கொட்டையத் துப்பிடு" என்றான்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தில் பிறந்து நடந்த குழந்தை பொய். பதிலுக்கு ஊதிய கப்பல் பொய். பொத்தான் பொய். இன்றைய என் நோன்பு மிகப் பெரிய பொய். சின்னதாக ஒன்று மட்டும் உண்மை. அந்த ஐந்து நிமிடமும் பஹ்கத் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான், பாங்கு சொன்ன பிறகுதான் விட்டான்.