அணைச்சுப் போட்ட ஹீட்டர்

ஏட்டி மைமூன், உலகம் சூடாவுறது டிவிக்காரன் கட்டுன கதன்னு உன் தம்பி சொன்னா நீயும் தலையாட்டுவியா? குற்றாலத்துச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு அவன் என்னமும் சொல்லுவான். சலாம் சொல்ல மறந்துட்டேன் பாரு. உன் முட்டுவலி எப்பிடி இருக்கு?

இங்கன துபாய்ல மொட்டமாடி டேங்குத் தண்ணி கொதிக்குது. ஏசி ரூமுக்குள்ள இருக்க ஹீட்டர அணைச்சுப் போட்டா அதுக்குள்ள கெடக்க தண்ணி செத்த ஆறும், அதுலதான் குளிக்கோம். முன்ன ரெண்டு மாசந்தான் இந்தக் கூத்து, இப்ப ஆறு மாசம். போன செவ்வாக்கெழம வேல எடத்துல சும்மா கொஞ்சம் சாஞ்சுட்டேன். முழிச்சா ஆஸ்பத்திரி. நர்சம்மா நல்ல அழகு, பயப்படாத.

நம்ம மவன் ரிஃபாத்துக்கு மட்டும் விசா கேக்காத. வெயில்ல கம்பி கட்டுறது என்னோட போவட்டும். தலையில நனைச்சுக் கட்ட ரெண்டு துண்டு கொடுத்துவிடு. உன் பழைய சேலையக் கிழிச்சாலும் சரிதான்.

இத வாசிச்சுக் காட்டுனா, நம்ம ரூம்ல பக்கத்துக் கட்டில் பரமேஸ்வரன், கீழப்பாவூர்க்காரன், "பாலைவனம்னா சுடத்தான் செய்யும். உலகம் ஒண்ணும் சூடாவல அண்ணாச்சி"ங்கான். நான் பதில் சொல்லி முடிக்கல, அணைச்ச ஹீட்டர்ல தண்ணி பிடிக்க வாளியத் தூக்கிட்டுப் போயிட்டான். எனக்கு மிச்சம் வைக்க மாட்டான். ஓடுதேன்ட்டி.