அக்கா கல்யாணத்தில் பாதியில் நின்ற பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

நேற்று சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பைத் தீய்த்துவிட்டேன். பயப்படாதீர்கள், கையில் ஒன்றும் படவில்லை. பக்கத்து மேசைக்காரரின் போனில், அக்கா கல்யாணத்தில் நீங்கள் பாடிய பாட்டு வந்தது. இஸ்திரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

“என்னப்பா, கண்ணு கலங்குது?” என்றார்.

“புகைதாண்ணே” என்றேன்.

கல்யாணத்தன்று என் நண்பர்கள் சிரித்தார்கள் என்பதற்காக, “போதும்பா, மானம் போகுது” என்று உங்கள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அதன்பிறகு நீங்கள் குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான் அப்பா.

இரண்டு பனியன் அனுப்புங்கள். மனமிருந்தால் அந்தப் பாட்டையும் போனில் பாடி அனுப்புங்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டது. கடைசி வரி வரைக்கும் கேட்பேன்.

உங்கள் மகன்