மூன்றாம் மாடிக் கடைசி அறை

வின்டர்தூர்
ஞாயிறு பின்னேரம்

ஆசை மகள் அனோஜாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகன் கெவினும் சுகமாக இருக்கவும், வயிற்றுப் பிள்ளை ஒரு குறையுமில்லாமல் வளரவும் மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம்.

போனில் கதைக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால், பழசைக் கிளறாதேங்கோ அம்மா என்று வைத்துவிடுவாய். சனிக்கிழமை தோறும் நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும். இருந்து ஆறுதலாக வாசி.

பிள்ளை பெற்ற பிறகு நீ சாப்பிடச் சரக்குத்தூள் இடித்து வைத்துவிட்டேன். கீழ்வீட்டு ஞானேஸ்வரி மணந்து பார்த்துவிட்டு, இது பிள்ளை பெறாதவளுக்கும் பசியைக் கிளப்பும் என்றாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தோய்த்துப் பிள்ளைத் துணியாக மடித்தும் வைத்திருக்கிறேன். கடையில் நல்லது விற்கிறது என்பாய். சொல்லு, எனக்கென்ன.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். பீலில் வீடு வாங்கியிருக்கிறோம், பழைய கடிகாரத் தொழிற்சாலையைத் திருத்தினது என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த ஊரில் கடிகாரத் தொழிற்சாலைக்கா பஞ்சம்? பிறகுதான் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினாய். மூன்றாம் மாடிக் கடைசி அறை. ரயில் பாதைப் பக்கம் வளைந்த ஜன்னல், ஜன்னலடியில் இரும்புத் தூண், தூணில் ஒரு வளையம். இந்த அறை உங்களுக்கும் பேபிக்கும் என்று கீழே எழுதியிருந்தாய். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன், அதே வளையம்.

பிள்ளை, அந்த வளையத்தில்தான் உன் அண்ணன் ஜெறோமுக்குச் சேலையில் ஏணை கட்டித் தாலாட்டினோம்.

அந்தக் கட்டடம்தான் சுவிசுக்கு வந்த புதிதில் எங்களை வைத்திருந்த அகதி முகாம். வீடு விற்றவர்கள் தந்த வழுவழுப்பான புத்தகத்தைக் கெவின் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். முதலாளி யார், எந்த வருசம் கட்டினது, எத்தனை பெண்கள் அங்கே குனிந்திருந்து பல்சக்கரம் பூட்டினார்கள், எல்லாம் இருக்கிறது. நாங்கள் மட்டும் இல்லை. மாடிக்கு மாடி வெங்காயம் வதக்கி, வரிசையில் நின்று குளித்து, நாட்டில் இருக்கலாமென்ற கடிதம் வருமா வராதா என்று செத்துப் பிழைத்த அத்தனை சனத்துக்கும் ஒரு வரி இல்லை. எழுதினால் வீடு விலைப்படாதாக்கும்.

ஜெறோம் ஆஸ்பத்திரியில் மோசம்போனான் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது அப்பாவின் விருப்பம். இல்லை மகள், அந்த அறையில்தான் அவன் உயிர் போனது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் காய்ச்சல் ஏறிப் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. முகாமில் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி, அது பொறுப்பாளனின் அறைக்குள். அவன் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அப்பா வெறுங்காலோடு பனிக்குள் ஓடி வீதியில் கார்களை மறித்தார். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான் ஜன்னலால் பார்த்துவிட்டு அம்புலன்சுக்கு அடித்தாள். அது வரும்போது பிள்ளை என் மடியில் குளிர்ந்துவிட்டான்.

அடுத்த நாள் பொறுப்பாளன் வந்து எங்களுக்குக் கை கொடுத்தான். கொடுத்த கையாலேயே சுவரில் ஒட்டியிருந்த விதிகளைக் காட்டினான், ஞாயிறு அலுவலகம் பூட்டு என்று. அவன் நாசமாய்ப் போக! இப்படி நினைப்பது பாவமென்று எத்தனையோ தரம் கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திரும்பவும் அதையேதான் நினைக்கிறேன்.

அப்பா போன மாதம் உன் வீட்டைப் பார்த்துவிட்டு, நல்ல வெளிச்சம் என்று சொன்னாராமே. அந்த அறைக்குள் நின்று கோப்பியும் குடித்தாராம். எப்படித் தொண்டையால் இறங்கியது என்று கேட்டேன். அது முடிஞ்ச கதை மக்டலின், பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது, நீ சும்மா இரு என்றார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெளியே வர வெகுநேரமாயிற்று. அதன்பிறகு நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

உன்னில் ஒரு பிழையும் இல்லை. நீ தெரியாமல் வாங்கினாய். வீட்டை வித்துப்போட்டு வா என்று சொல்ல எனக்கு விசரும் இல்லை. போன கிழமை உனக்குச் சொல்லாமல் ரயிலேறி பீலுக்கு வந்தேன். வாசல் மட்டும் வந்தேன். மணிப் பலகையில் உங்கள் இரண்டு பேரின் பெயரும் வடிவாக இருந்தது. அமத்தக் கை வரவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வீடு மந்திரித்து ஆசீர்வதிக்கச் சுவாமியார் வரும்போது, அந்த அறையில் ஜெறோமின் பெயரைச் சொல்லிச் செபிக்கச் சொல். முணுமுணுக்கக் கூடாது, கெவினின் ஆட்கள், உன் வேலைத்தலத்து வெள்ளைக்காரர் எல்லோருக்கும் கேட்க வேண்டும். யார் அது என்று அவர்கள் கேட்டால் நீதான் சொல்ல வேண்டும், என்னால் ஏலாது. அதைச் செய்தாயானால் நான் வருவேன். அந்த அறையிலேயே படுப்பேன். உன் பிள்ளையைக் குளிக்கவார்ப்பேன்.

நல்ல நாளில் செத்த வீட்டுக் கதை எதற்கு என்று உனக்குப் பட்டால், விடு. நான் குறை சொல்லமாட்டேன். சொல்லுவேன்தான், உனக்குக் கேட்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாசற்படி ஏறமாட்டேன், பேரப்பிள்ளையைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

கோபத்தோடு எழுதினேன் என்று மனம் நோகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. தாய் வேறு பிள்ளை வேறாக மாதா உன்னைச் சுகமாகப் பிரித்துத் தரட்டும்.

இரண்டு பிள்ளை பெற்ற உன் அம்மா,
மக்டலின்