கலங்கிய இதயப் படம்

ஓஷ், மே 19

அன்பு மகன் தாலாய்க்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். உனக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால்தான் மாஸ்கோ திரும்பும் சாபிரா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

இரண்டு மாதமாக அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. இழுத்துக்கொண்டு போய் இதயத்தை சி.டி. ஸ்கேன் எடுத்தேன். படத்தைப் பார்த்த டாக்டர் குல்சைரா உதட்டைப் பிதுக்கினாள். "இதயம் தறிகெட்டு ஓடியிருக்குக்கா. அது அசைஞ்ச அசைவுல ரத்தக்குழாய் எல்லாம் படத்துல கலங்கி விழுந்திருக்கு. ஸ்கேனுக்கு முன்னாடி தேநீர் குடிக்கக் கூடாதுன்னு சொன்னோமே?" என்றாள். சொட்டுகூடக் குடிக்கவில்லை என்று அப்பா சத்தியம் செய்தார்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு முறை வந்திருக்கிறதாம். இதயம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, அந்த அசைவைக் கழித்துவிடுமாம். இப்போது படம் பளிச்சென்று இருந்தது. ஒரு குழாய் நடுவில் நூலாய் மெலிந்திருந்தது. ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்தில் மருவை அழித்து, இல்லாத கோட்டு மாட்டிவிடுகிறவள் நான். என்னிடமேவா? "இது நீங்க வரைஞ்ச அடைப்பு, ஆள் பிடிக்கிற வேலை" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஒரே துடிப்புல வேற வேற கட்டத்துல உள்ள படத்தையும் பாருங்கக்கா. நிஜமில்லைன்னா ஒண்ணுலயாவது காணாமப் போகும்" என்று ஏழு படம் போட்டாள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி ஓரம் ஓரமாகத் துருவினேன். ஏழிலும் அதே வளைவு, அதே மெலிவு. கைவேலை அப்படி நிற்காது என்று எனக்குத் தெரியாதா?

பிறகுதான் அப்பா மேல் சந்தேகம் வந்தது. ஸ்கேன் அன்று காலையில் உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். அவளைக் கேட்டேன். "கருந்தேநீரா ஆறு கிண்ணம் குடிச்சான். கிளம்புடான்னு நம்ம வழக்கப்படி கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொடுத்தேன். அதையும் குடிச்சிட்டுத் திரும்ப நீட்டுறான், வெட்கம் கெட்டவன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பிடித்தேன். அக்கா ஊற்றினால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில், "படம் கலங்கினா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். மாசக் கடைசியில குதிரைங்களை மலை மேய்ச்சலுக்கு ஓட்டணும். நான் படுத்துட்டா நீ வித்துடுவ. அப்புறம் பையன் எதுக்குடி திரும்பி வருவான்?" என்றார். கிறுக்கு மனுஷன். திட்டிக்கொண்டே அழுதேன்.

ஸ்டென்ட் வைக்க இருபத்தெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். மலை ஏறினால் அந்தக் குழாய் தாங்காது என்கிறாள் குல்சைரா.

கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் செய். சிகிச்சையைப் பற்றி வாயைத் திறக்காதே. இந்தக் கோடைக்குக் குதிரைகளை நான் வந்து ஓட்டிப் போகிறேன் என்று மட்டும் சொல். உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். வர முடியாவிட்டாலும் சொல், தாலாய்.

ஆனால், சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடாதே.

போன வழி உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன் அம்மா,
பூரூல்